ரெண்டு பேரை அனுப்பினால் தம்பியை விடுவார்களா?

மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்த கடிதம் இது. ஊர், பெயர், அடையாளம் தரும் விவரங்கள் எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன்.

எழுதியவருக்கு வயது 31. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை. தம்பிக்கு 24 வயது, பி.சி.ஏ. முடித்துவிட்டு சாப்பாடு டெலிவரி ஓட்டிக்கொண்டிருந்தவர். தாய்மாமன் மகன் ஒருவர், ‘தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, மாதம் 80 ஆயிரம், சாப்பாடும் ரூமும் ஃப்ரீ’ என்று சொல்லி 1,80,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மிச்சம் மூன்று வட்டிக்கு வாங்கிய கடன். பாங்காக்கில் இறங்கிய தம்பியை ஒரு வேனில் ஏற்றி ஏழெட்டு மணி நேரம் கொண்டுபோயிருக்கிறார்கள். ராத்திரியில் படகில் ஆற்றைக் கடந்தார்கள். விடிந்த பிறகுதான் அது மியான்மர் என்று தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து வெளிநாட்டுக்காரர்களோடு காதலாகப் பேசி, கிரிப்டோவில் பணம் போடவைக்க வேண்டும். அதுதான் வேலை. தினமும் 16 மணி நேரம். டார்கெட் எட்டவில்லை என்றால் அடி, கரண்ட் ஷாக்.

நான்கு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் டெலிகிராமில் பேசியிருக்கிறார். “அக்கா, என்னைய இங்கிட்டு வித்துட்டாய்ங்க. அஞ்சு லட்சம் கட்டணுமாம். இல்லாட்டி நம்ம ஊர்ல இருந்து ரெண்டு பேரை அனுப்பிவிட்டா என்னைய விட்டுருவாய்ங்களாம்.” மாமன் மகனும் அதையே சொல்கிறார். அதே தெருவில் இரண்டு பையன்கள் பாஸ்போர்ட்டோடு தயாராக இருக்கிறார்கள்.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வீட்டு மனையை விற்று ஐந்து லட்சம் கட்டலாமா? புகார் கொடுத்தால், விசா இல்லாமல் எல்லை தாண்டியதற்கும் ஊரை ஏமாற்றியதற்கும் தம்பியையே ஜெயிலில் போடுவார்களா? அந்த இரண்டு பையன்களிடம் தானே பேசட்டுமா?

அன்புச் சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் ஒரு வாரம் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்க முடியாது.

அனுப்பாதீர்கள். ஒருவரைக்கூட அனுப்பாதீர்கள். மாமன் மகன் அனுப்பப்போகிறார் என்று தெரிந்துகொண்டு பேசாமலும் இருந்துவிடாதீர்கள்.

ஆட்களை அடைத்துவைத்து இந்த மோசடி வேலை வாங்கும் வளாகங்களில் ஆளுக்கு ஒரு விலை உண்டு. உங்கள் தம்பியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குக் கமிஷன் போயிருக்கும். அந்தத் தொகையைத் தம்பி பெயரில் கடனாக எழுதியிருப்பார்கள். இப்போது இரண்டு பேர் வந்து இறங்கினால் அவர்கள் பெயரிலும் கடன் எழுதப்படும். தம்பி அப்போது ‘ஆள் பிடிக்கத் தெரிந்தவன்’ ஆகிவிடுவார். டைப் அடிப்பவனைவிட ஆள் பிடிப்பவன் அவர்களுக்கு லாபம். அப்படிப்பட்டவரை எதற்காக விடப்போகிறார்கள்? அடுத்து நாலு பேர் கேட்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு ஆள்கடத்தலைப் பற்றியது. ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்கு ஆள் சேர்த்தாலே அது ஆள்கடத்தல். கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு கடுங்காவல். ஒருவருக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்டு அந்தப் பையன்களிடம் ‘நல்ல வேலைதான்’ என்று சொன்னால், ‘தம்பியைக் காப்பாற்றச் செய்தேன்’ என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் உங்களை விட்டுவிடாது. தண்டனையில் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

இப்படிக் கேட்டாரே என்று தம்பி மேல் கோபப்படாதீர்கள். பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு சொல்லவைத்திருக்கலாம். அந்த மெசேஜை வெட்கப்பட்டு அழித்துவிடவும் வேண்டாம். மிரட்டலுக்கு உட்பட்டுத்தான் அவர் இருந்தார் என்பதற்கு நாளைக்கு அதுவே சான்றாகும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது வேறொரு வரி. அந்தப் பையன்களில் ஒருவனின் அம்மா கேட்டபோது, ‘தம்பி நல்லா இருக்கான், இப்பத்தான் சம்பளம் வர ஆரம்பிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று நினைத்து அப்படிச் சொல்லியிருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த மௌனத்தில்தான். அந்த அம்மா உங்கள் சொல்லை நம்பித்தான் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போவார்.

இன்று இரவே அந்த இரண்டு வீடுகளுக்கும் போங்கள். டீக்கடைப் பேச்சாகப் போய்விடாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து தம்பியின் மெசேஜைக் காட்டிச் சொல்லுங்கள். ‘வேறு ஒருத்தருக்குத் தெரிய வேண்டாம், அவன் உயிர் அதில் இருக்கிறது’ என்றும் சொல்லுங்கள். அவர்கள் நம்பாமல் ‘எங்களுக்கு வந்திருப்பது வேறு கம்பெனி’ என்றால், மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவானவரா? 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். எவ்வளவு பணம் கேட்கிறார்? பதிவுபெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் கட்டணமாக வாங்கலாம். கையில் வேலைக்கான விசா இருக்கிறதா? ‘டூரிஸ்ட்டா போய்ட்டு அங்க மாத்திக்கலாம்’ என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

தம்பி எங்கே இருக்கிறார்?

‘இந்தியப் போலீஸ் போய்க் கூட்டிட்டு வர முடியாதா’ என்று அம்மா தினமும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

தாய்லாந்தின் மேற்கு ஓரத்தில் தாக் மாகாணத்தில் மே சோட் என்று ஒரு நகரம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். தம்பி சொன்ன ஏழெட்டு மணி நேரக் கணக்கு இதற்குச் சரியாக இருக்கிறது. ஊரை ஒட்டி மோய் ஆறு ஓடுகிறது, அதுதான் எல்லை. அக்கரையில் மியான்மரின் கரேன் மாநிலத்தைச் சேர்ந்த மியாவாடி. அந்த ஆற்றோரத்தில்தான் கேகே பார்க், ஷ்வே கொக்கோ என்று மதில் வைத்த வளாகங்கள் முளைத்தன. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு வந்த உள்நாட்டுப் போரில் இந்தத் தொழில் கொழுத்தது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

அந்தப் பகுதியில் ஆயுதக் குழுக்களின் ஆட்சிதான் நடக்கிறது. அவற்றில் பெரியது சா சிட் து என்பவரின் தலைமையில் உள்ள குழு. முன்பு எல்லைக் காவல் படை, இப்போது கரேன் தேசிய ராணுவம் என்று பெயர். இந்த மோசடி வளாகங்களுக்கு உடந்தை என்று சொல்லி 2025 மே மாதம் அமெரிக்கா அந்தக் குழு மீதும் அவர் மீதும் தடை விதித்தது. யாங்கூனில் உள்ள நம் தூதரகம் ஒரு கடிதம் எழுதினால் கதவு திறந்துவிடும் இடம் அது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மதுரைப் போலீஸ் அங்கே போகவும் முடியாது.

ஆனாலும் அங்கிருந்து ஆட்கள் மீண்டு வந்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். 2025 பிப்ரவரி 5-ம் தேதி தாய்லாந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் எரிபொருளையும் நிறுத்தியது. அந்த நெருக்கடியில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே விடப்பட்டார்கள். அந்த மார்ச் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கேகே பார்க்கில் மியான்மர் ராணுவம் சோதனை நடத்தியபோது 1,500-க்கும் மேற்பட்டவர்கள் ஆற்றைக் கடந்து மே சோட்டுக்குத் தப்பி வந்தார்கள். அவர்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 500 பேர். நவம்பரில் அவர்களையும் மே சோட்டிலிருந்தே விமானப்படை அழைத்துவந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. திறந்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வருவார்கள். அந்த நாளில் உங்கள் தம்பியின் பெயர், பாஸ்போர்ட் எண், போட்டோ ஏற்கெனவே தூதரகத்தின் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பறிபோனவருக்கு ‘இவர் இந்தியர், குடும்பம் இத்தனையாம் தேதி புகார் கொடுத்திருக்கிறது’ என்று காட்டும் காகிதம்தான் துணை. புகாரை இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தம்பி குற்றவாளியா?

‘அவனாத்தானே போனான், அவனேதானே கையெழுத்துப் போட்டான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 143-வது பிரிவிலேயே, கடத்தப்பட்டவரின் சம்மதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குச் சம்மதித்தவர் அடிமைத்தனத்துக்குச் சம்மதித்ததாக ஆகாது.

எல்லை தாண்டியதைப் பொறுத்தவரை, தாய்லாந்தின் 2008-ம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கடத்தலுக்கு ஆளானவர் என்று உறுதியானால் சட்டவிரோத நுழைவுக்காக அவர் மேல் வழக்குப் போடமாட்டார்கள். ஆனால் அதற்கு மே சோட்டில் அதிகாரிகள் விசாரிப்பார்கள். அங்கே தம்பி பயந்துபோய் ‘டூர் வந்தேன்’ என்று ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சாதாரண சட்டவிரோத நுழைவாகப் பார்த்து, அபராதம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் வரலாம். மறுபடி பேசக் கிடைத்தால் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம், ‘யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்’ என்பதுதான்.

மோசடி வேலை செய்ததைப் பற்றி உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். கடத்தப்பட்டவர் கட்டாயத்தால் செய்த எல்லாவற்றுக்கும் மொத்தமாக விலக்குத் தரும் ஒரு பிரிவு நம் சட்டத்தில் இல்லை. மிரட்டலுக்குப் பணிந்து செய்த செயலுக்கு அதே சன்ஹிதாவின் 32-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அப்போதே உயிர் போய்விடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அதனால் கட்டாயத்தைக் காட்டும் ஒவ்வொரு துண்டும் முக்கியம். பிடுங்கப்பட்ட பாஸ்போர்ட், கொடுக்காத சம்பளம், உடம்பில் உள்ள காயம், நள்ளிரவு மெசேஜ், ஐந்து லட்சம் கேட்ட குரல் பதிவு எல்லாமே சான்று. திரும்பி வருகிறவர்களைப் போலீசும் மத்திய ஏஜென்சிகளும் உட்காரவைத்து விசாரிப்பது வழக்கம். அது கைது இல்லை. பெரும்பாலும் சாட்சியாகத்தான் கேட்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் நிலைமை மாறும். தம்பி கமிஷன் வாங்கிக்கொண்டு ஏற்கெனவே வேறு யாரையாவது அங்கே வரவழைத்திருந்தால் சட்டம் அவரை வேறு விதமாகப் பார்க்கும். அப்படி எதுவும் நடந்திருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிறகு எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஐந்து லட்சம்

பணம் கட்டி வெளியே வந்தவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். பணம் கட்டிய பிறகு வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கட்டியதும் ‘இந்த வீட்டில் இன்னும் பணம் இருக்கிறது’ என்று தெரிந்து தொகையை ஏற்றியதும் நடந்திருக்கிறது. எந்தப் பக்கம் விழும் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது, வாங்கியவனை எந்த நீதிமன்றத்துக்கும் இழுக்கவும் முடியாது.

மிரட்டலுக்குப் பயந்து குடும்பம் பணம் கொடுப்பது குடும்பத்தின் குற்றம் ஆகாது. குற்றம் மிரட்டிப் பறித்தவன் மேல்தான். ஆனால் உண்டியல் (ஹவாலா) வழியாகவோ கிரிப்டோவாகவோ அனுப்பச் சொன்னால் அது தனிச் சிக்கலைக் கொண்டுவரும். நாளைக்கு நீங்கள் அந்நியச் செலாவணி விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

என் கருத்தைக் கேட்டால், மனையை இப்போது விற்காதீர்கள். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். தம்பி வந்த பிறகு கடனை அடைக்கவும், அவர் உடம்பையும் மனதையும் தேற்றவும் அது தேவைப்படும். முதலில் புகார், தூதரகம், அரசுத் துறை ஆகிய வழிகளைத் திறந்துவிடுங்கள். அதுவரை பணம் கேட்பவனிடம் மறுத்துப் பேசவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ‘புரட்டிக்கிட்டு இருக்கோம், மனையைப் பார்க்க ஆள் வர்றாங்க’ என்று இழுங்கள். எந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறான் என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். அந்தக் கணக்கு இந்தியாவில் இருந்தால் போலீசுக்கு அது நல்ல துப்பு.

புகார்: எங்கே, எப்படி

உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலோ, மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவிலோ கொடுக்கலாம். ‘இது வெளிநாட்டு விவகாரம், எம்பசிக்கு எழுதுங்க’ என்று சொல்லக்கூடும். அதை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். ஆசை காட்டியது உங்கள் வீட்டுத் திண்ணையில், பணம் வாங்கியது மதுரையில். ஆள் எடுத்த குற்றம் இங்கேயே நடந்து முடிந்திருக்கிறது. ‘சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ரசீது) போட்டுத் தர்றோம், விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம்’ என்பார்கள். ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள சில குற்றங்களில்தான் அப்படி 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. 143-வது பிரிவு அந்த வரம்புக்குள் வராது. மறுத்தால் எழுத்து வடிவில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். இப்படிப்பட்ட வழக்குகளைத் தமிழ்நாட்டில் சி.பி.சி.ஐ.டி.யும் விசாரித்திருக்கிறது. தேசியப் புலனாய்வு முகமைக்கும் 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆள்கடத்தலை விசாரிக்கும் அதிகாரம் உண்டு.

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் கூடவே இவற்றையும் செய்துவிடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். யாங்கூன், பாங்காக் இரண்டு இந்தியத் தூதரகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆள் இருப்பது மியான்மரில், ஆனால் பாஸ்போர்ட்டில் இருப்பது தாய்லாந்து முத்திரை, வெளியே வந்தால் வரப்போவதும் தாய்லாந்து வழியாகத்தான். அதனால் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோப்பு சென்னைக்கு நகரும்.

‘ஒத்தக்கடை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டால் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மியாவாடியில் ஒரு ஆயுதக் குழுவின் மதிலுக்குள் இருப்பவரை மதுரைக் கிளையின் உத்தரவால் கொண்டுவந்து நிறுத்த முடியாது. உங்கள் மனுக்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவு கேட்டு நீதிப்பேராணை மனுப் போடலாம், அதற்குப் பலன் உண்டு. ஆனால் மனுக்களைக் கொடுத்து, பதில் வராத நிலையில்தான் அதற்கு வலு. இன்றைக்கே அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

தம்பியின் உயிரைப் பற்றியது இது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அவர் ஒளித்துவைத்துப் பேசும் அந்த எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிடாதீர்கள், மெசேஜ் அனுப்பாதீர்கள். போன் பிடிபட்டால் அடி விழும். அவர் பேசும்போது அழுது நேரத்தைக் கரைக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். வளாகத்தின் பெயர் என்ன, எந்தக் கட்டடம், கூட வேறு தமிழர்கள் யார் இருக்கிறார்கள்? முடிந்தால் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். டி.வி.க்கோ யூடியூப் சேனலுக்கோ தம்பியின் போட்டோவைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். உங்கள் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மெசேஜ்களை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்துவையுங்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது அசல் போன் இருந்தால் நல்லது.

மாமன் மகன்

‘புகார் கொடுத்தா எங்க அண்ணன் வீட்டு வாசலை இனி எப்படி மிதிப்பேன்’ என்று அம்மா அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். பிறந்த வீட்டு உறவு அத்துப்போவது என்பது நம் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். மகனா அண்ணனா என்று அம்மாவைத் தேர்ந்தெடுக்க வைத்திருப்பது நீங்கள் இல்லை, அந்த மாமன் மகன்தான். இதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அவர் முதலில் தெரியாமல் செய்திருக்கலாம். மேலே இருக்கிற ஏஜென்ட் அவரையும் ஏமாற்றியிருக்கலாம். அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகும் ‘ரெண்டு பேரைக் கொடுங்க’ என்று கேட்கிறாரே, அந்த இடத்தில் தெரியாது என்ற பேச்சு முடிந்துவிட்டது. அதனால் புகாரில் அவர் பெயரை விட்டுவிட்டு ‘யாரோ ஒரு ஏஜென்ட்’ என்று எழுதாதீர்கள். பணம் போன பாதை அவர் வழியாகத்தான் போகிறது. அவரை விட்டுவிட்டால் வழக்கு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

மாமாவிடம் ஒன்று சொல்லிப் பார்க்கலாம், புகார் கொடுத்த பிறகு. மகன் தானாகவே ஒரு வழக்கறிஞரோடு போய், தனக்கு மேலே இருப்பவர் யார், பாங்காக்கில் ஆளை வாங்கிக்கொண்டது யார், கமிஷன் எந்தக் கணக்கில் வந்தது என்று சொன்னால் அது அவருக்கும் உதவும், தம்பிக்கும் உதவும். முழு உண்மையும் சொல்பவரை மன்னித்துச் சாட்சியாக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கிடைக்கும் என்று நான் உறுதி தரவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, ‘வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துருவான், கேஸ் வேணாம்’ என்று பத்திரத்தாளில் எழுதக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். ஆள்கடத்தல் குற்றத்தை இரு தரப்பினரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பணத்தைத் தானாகத் திருப்பித் தந்தால் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அளவுக்கு மீறிய வட்டிக்கும் மிரட்டலுக்கும் எதிராக 2003-ம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதை ஒரு தனி மனுவாகக் கொடுங்கள், இந்தப் புகாரோடு கலக்க வேண்டாம்.

தம்பி வந்து சேர்ந்ததும் முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காயங்களைப் பதிவு செய்யுங்கள். மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். ‘எத்தனை பேரை ஏமாத்தின’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி அவரிடம் போகாமல் கொஞ்ச நாள் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. பெண் என்பதால் உங்களுக்கும் தனியாக அந்த உரிமை இருக்கிறது, வருமானக் கணக்குக் கேட்க மாட்டார்கள். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். தம்பியின் பாஸ்போர்ட் நகல், விமான டிக்கெட், போட்டோ, பணம் அனுப்பிய வங்கி விவரம், அடகு ரசீது, மெசேஜ்களின் அச்சுப்பிரதி எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். அதைத் தன் அண்ணன் மகன் கையில் எண்ணிக் கொடுத்தவர் அம்மாதான். அந்தப் பணத்துக்கு இருக்கும் ஒரே சாட்சியும் அவர்தான்.